தகட்டைத் தட்டி எழுப்பும் கைகள்

மும்பையின் துறைமுக ரயில் தடத்தில் ரே ரோடு நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கி நடந்தால் சிறிது நேரத்தில் தாருகானா வந்துவிடும். உடைக்கப்பட்ட கப்பல்களின் தகடுகளும், பழைய கொதிகலன்களும், ஆள் தொடையளவு கனமுள்ள நங்கூரச் சங்கிலிகளும் குவிந்து கிடக்கும் பகுதி அது. மழைக்காலப் பிற்பகல் ஒன்றில், கையில் ஒரு கடன் விண்ணப்பக் கோப்புடன் அங்குள்ள குறுகிய சந்து ஒன்றினுள் நுழைந்தேன். கடன் வழங்குவதற்கு முன் விண்ணப்பதாரரின் தொழிலிடத்தை நேரில் காண்பது எங்கள் பணிகளுள் ஒன்று. வழக்கமாக அரை மணி நேரத்தில் முடியும் வேலை. அன்று நான் கிளைக்குத் திரும்பியபோது விளக்கு வைத்து வெகுநேரமாகியிருந்தது.

விண்ணப்பதாரருக்கு அறுபத்தெட்டு வயது. பட்டறையில் அவரை எல்லோரும் ‘உஸ்தாத்’ என்றே அழைத்தனர். நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். விண்ணப்பத்தில் தொழில் என்னும் கட்டத்தில் ‘டென்டிங்’ என்று எழுதப்பட்டிருந்தது. நம் ஊர்ச் சாலையோரங்களில் ‘டிங்கரிங், பெயின்டிங்’ என்று பலகை மாட்டியிருப்பார்களே, அதே தொழிலுக்கு மும்பையில் வழங்கும் பெயர். மோதி நசுங்கிய கார்க் கதவுகளை நிமிர்த்துபவர் போலும் என்று எண்ணிக்கொண்டுதான் சென்றேன். உள்ளே நசுங்கிய கார் ஒன்றுகூட இல்லை. தகரக் கூரையின் கீழ் ஒரு கருவேல மரத் துண்டு, அதன் தலையில் கிண்ணம்போலக் குடையப்பட்ட ஒரு குழி, தோலால் தைத்த ஒரு மணல் மூட்டை, சுவரில் வரிசையாக இருபது முப்பது சுத்தியல்கள். நடுவே, 1936ஆம் ஆண்டின் செவ்ரோலே கார் ஒன்று இடப்பக்க முன் மட்கார்டு இல்லாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பவரைப்போல நின்றது.

அந்தக் காரின் உரிமையாளர் எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற மருத்துவர். உஸ்தாதைக் கைபிடித்துக் கிளைக்கு அழைத்து வந்தவரும் அவரே. “என் காருக்கு மட்கார்டு செய்துதரச் சொன்னால், ஆறு மாதமாகும் என்கிறார். ஒரு இயந்திரம் இருந்தால் பாதிக் காலம் போதுமாம். நீங்கள் அவருக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் நான் உயிரோடு இருக்கும்போதே காரை ஓட்டிப் பார்ப்பேன்” என்றார். விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும் அவருக்கு வயது எழுபத்தொன்பது.

வணிகவியல் படித்தவன் நான். இரும்பைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் இருப்புநிலைக் குறிப்பில் ‘இயந்திரங்களும் கருவிகளும்’ என்னும் தலைப்பின் கீழ் வரும் தொகையும், அதிலிருந்து ஆண்டுதோறும் கழிக்கப்படும் தேய்மானமும்தான். அந்தக் கணக்கின்படி எண்பது ஆண்டுகளைத் தாண்டிய காரின் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆயினும் அதன் ஒரு மட்கார்டுக்காக மூன்று பேர் மாதக்கணக்கில் மெனக்கெடுகின்றனர். ஏன் என்று அறிய ஆவல் உண்டாயிற்று.

அந்தக் காருக்கும் அந்த இடத்திற்கும் ஓர் உறவுண்டு. ரே ரோடுக்கு அடுத்த நிலையம் காட்டன் கிரீன், அதற்கடுத்தது சிவ்ரி. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்தியாவில் தனது முதல் தொழிற்கூடத்தை அமைத்தது சிவ்ரியில்தான். 1928ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கிருந்து முதல் செவ்ரோலே கார் வெளிவந்தது. கார்கள் பாகங்களாகப் பெட்டிகளில் கப்பலேறி வரும். சிவ்ரியில் அவற்றை ஒன்றுசேர்த்து நாடெங்கும் அனுப்புவர். இறக்குமதிக் கொள்கைகள் மாறியபின் 1954இல் அக்கூடம் மூடப்பட்டது. மருத்துவரின் தந்தை வாங்கிய கார் அங்கு ஒன்றுசேர்க்கப்பட்டதே. தான் பூட்டப்பட்ட இடத்திலிருந்து கூப்பிடு தொலைவில் இப்போது அது மீண்டும் பிரிக்கப்பட்டு நின்றது.

அந்நாளைய மட்கார்டு அமெரிக்காவில் பெரும் அழுத்து இயந்திரங்களுக்கு இடையே தகட்டை வைத்துச் சில அமுக்குகளில் உருவாக்கப்பட்டது. எஃகு அச்சுகளுக்கு ஆகும் பெருஞ்செலவு ஆயிரக்கணக்கான கார்களின்மேல் பகிர்ந்துவிடும். எனவே ஒரு மட்கார்டின் அடக்கவிலை மிகக் குறைவு. எங்கள் பாடத்தில் நிலையான செலவு, மாறும் செலவு என்று படித்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. இன்று ஒரே ஒரு மட்கார்டு வேண்டுமென்றால் அச்சு செய்வதைப் பற்றி நினைக்கவே இயலாது. இயந்திரம் நொடிகளில் செய்ததைக் கை வாரக்கணக்கில் செய்தாக வேண்டும்.

அக்காலக் கார்கள் எல்லாமே அவ்வாறு அச்சில் பிறந்தவை அல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் மட்டுமே விற்றது. மேற்கூட்டைத் தனியே கூண்டு கட்டுவோரிடம் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். நம் சமஸ்தான மன்னர்களின் வாகனங்கள் பல அவ்வாறு கையால் தட்டப்பட்டவை. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டுவதில் தொடங்கிப் பின்னர் மோட்டார் வண்டிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கு வந்ததை முதியவர்கள் அறிவர். வண்டிக்கூண்டு கட்டிய தச்சரும் கொல்லரும் தகட்டு வேலைக்காரராக மாறிய காலம் அது. உஸ்தாதின் கையில் இருப்பது அந்தக் கல்விதான்.

“தகட்டை வளைப்பது வேலையே அல்ல சாஹிப்” என்று தொடங்கினார் அவர். ஒரு தாளை எடுத்து உருளைபோலச் சுருட்டிக் காட்டினார். “இது வளைவு. குழந்தையும் செய்யும்.” அடுத்து, மேசைமேல் இருந்த தேங்காய் ஒன்றின்மீது அதே தாளைப் போர்த்தினார். ஓரமெங்கும் மடிப்புகள் விழுந்தன. “இப்போது என்ன செய்வீர்கள்?”

கத்தரித்து விடலாம் என்றேன். சிரித்தார்.

ஒரே திசையில் வளையும் தகட்டின் பரப்பளவு மாறுவதில்லை. இரு திசைகளிலும் ஒருசேர வளைய வேண்டுமானால் பரப்பளவு மாறியாக வேண்டும்: நடுப்பகுதி விரிய வேண்டும், அல்லது ஓரம் சுருங்க வேண்டும். மட்கார்டு என்பது முழுவதும் இப்படி இருபுறம் வளைந்த உருவம். அதன் உச்சியில் தேங்காயின் புடைப்பு உண்டு. காரின் உடலோடு சேரும் இடத்தில் குதிரைச் சேணத்தின் பள்ளம் உண்டு. விரித்தலும் சுருக்குதலும் ஆகிய இரண்டையும் எந்த இடத்தில், எவ்வளவு செய்வது என்று அறிவதே இத்தொழில்.

விரிப்பது ஒப்பீட்டளவில் எளிது. தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து, முட்டைபோல் உருண்ட முகமுள்ள கொட்டாப்புளியால் அடித்தால் அடிபட்ட இடம் பள்ளமாகி விரியும். விரிந்த அளவுக்குத் தகடு மெலியும். சுருக்குவதுதான் கடினம். ஓரத்தில் வேண்டுமென்றே சிறு மடிப்புகளை உண்டாக்குகிறார். புடவைக் கொசுவத்தைப்போல வரிசையாக நிற்கும் அம்மடிப்புகளைக் கருவேலத் துண்டின் குழியில் வைத்து, நுனி விரிந்துவிடாமல் முதலில் அடைத்துப் பிறகு மெல்ல மெல்ல உள்ளுக்குள்ளேயே அடித்துத் தேய்க்கிறார். மடிப்பு மறையும்போது அதிலிருந்த தகடு எங்கும் போய்விடுவதில்லை. அந்த இடம் சற்றே தடித்துப்போகிறது, அவ்வளவே. நுனியை அடைக்காமல் மடிப்பை அடித்தால் தகடு பழையபடி விரிந்து ஓடும். மடிப்பின்மேல் மடிப்பு ஏறிவிட்டால் அந்த இடம் பிளக்கும். ஒரு மடிப்புக்கு நாற்பது ஐம்பது அடிகள். ஒரு மட்கார்டில் எத்தனை மடிப்பு என்று கேட்டேன். எண்ணியதில்லையாம்.

அவர் பயன்படுத்துவது 18 கேஜ் தகடு, அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் கனம். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதால் 20 கேஜ் என்பது 0.9 மில்லிமீட்டரே. “இருபதில் செய்தால் எனக்குப் பாதி உழைப்பு. ஆனால் விரியும் இடத்தில் மெலிந்துவிடும், பத்து ஆண்டில் ஆடி ஆடி வெடிக்கும்” என்றார்.

அடிக்க அடிக்க இரும்பு இறுகும். ஓர் எல்லைக்குமேல் அது சுத்தியலுக்குப் பணிய மறுக்கும், வற்புறுத்தினால் கிழியும். அப்போது கேஸ் தீயால் அந்த இடத்தைச் செம்மைநிறம் வரும்வரை காய்ச்சித் தானே ஆறவிட வேண்டும். மீண்டும் இளகும். அலுமினியமாக இருந்தால் இவ்வாறு நிறம் பார்க்க முடியாது. சிவப்பதற்கு முன்பே உருகிக் கீழே விழும். அதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. அலுமினியத் தகட்டின்மேல் சலவைச் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சுடுவார்கள். சோப்பு கருகிப் பழுப்பேறினால் போதுமான சூடு வந்துவிட்டது என்று பொருள். வெப்பமானி வேண்டியதில்லை.

இடப்பக்க மட்கார்டே கிடைக்காதபோது அளவை எங்கிருந்து பெறுவது? வலப்பக்கம் இருக்கிறதே என்று நாம் நினைப்போம். ஆனால் இடம் என்பது வலத்தின் நகல் அல்ல, கண்ணாடி பிம்பம். உஸ்தாத் வலப்பக்க மட்கார்டின்மேல் பழுப்புத் தாளைத் துண்டு துண்டாக ஒட்டி, மெழுகுபோல் படியும்படி ஒரு சட்டை தைத்தார். மேடான இடங்களில் தாள் போதாமல் கீறிவிட வேண்டியிருந்தது. ஓரங்களில் மிகுந்து மடிப்பு விழுந்தது. கீறல் விழுந்த இடமெல்லாம் விரிக்க வேண்டிய இடம், மடிப்பு விழுந்த இடமெல்லாம் சுருக்க வேண்டிய இடம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு அந்தச் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பினார். வலது இடதாயிற்று! கணக்கு நூல் ஒன்றும் படிக்காதவர் செய்த இந்தக் காரியத்தை நான் இன்றும் என் மகனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதன்பின் குறுக்குவாட்டு அளவுகள். ஒவ்வொரு சாண் இடைவெளிக்கும் ஒட்டுப்பலகையில் வளைவை வெட்டி எடுத்து, அவற்றை வரிசையாக நிறுத்தி ஒரு மர எலும்புக்கூடு செய்தார். அடித்த தகட்டை அதன்மேல் வைத்துப் பார்ப்பதும், ஒளி புகும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறிப்பதும், மீண்டும் மணல் மூட்டைக்குப் போவதுமாக நாள்கள் செல்லும். முழு மட்கார்டை ஒரே தகட்டில் எடுப்பதில்லை. நான்கு துண்டுகளாகச் செய்து பற்றவைக்கிறார். பற்றவைப்பதற்கு மின்சார முறை இருந்தாலும் பழைய கேஸ் வெல்டிங்கையே விரும்புகிறார். அதில் விழும் தையல் மென்மையாக இருக்கும். சுத்தியலால் அடித்துத் தகட்டோடு தகடாகச் சமன்படுத்திவிடலாம். மின்சாரத் தையல் கடினமாகி, அடித்தால் அருகிலுள்ள தகடு வளையுமே தவிரத் தையல் அசையாது.

இங்குதான் நான் என் கோப்பைத் திறந்தேன். படிவத்தில் மாதாந்தர உற்பத்தி என்று ஒரு கட்டம் உண்டு.

“மாதத்திற்கு எத்தனை மட்கார்டு?”

“ஒன்று.”

“எல்லா மாதமுமா?”

“மழைக்காலத்தில் அதுவும் இல்லை.”

விற்பனை ரசீதுகள் இல்லை. வங்கிக் கணக்கில் மூன்று மாதம் ஒன்றும் வராது. நான்காவது மாதம் ஒரு பெருந்தொகை வந்து, இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். அவர் கேட்டது 4,00,000 ரூபாய். வீலிங் மெஷின் ஒன்று, கேஸ் வெல்டிங் கருவிகள், ஒழுகும் கூரைக்குப் புதிய தகடுகள். பட்டறை வாடகை இடம். அடமானம் வைக்க ஏதுமில்லை.

கைவினைஞர்களுக்கென 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் என் நினைவுக்கு வந்தது. அடமானமின்றி முதல் தவணையாக 1,00,000 ரூபாயும், அதை ஒழுங்காகச் செலுத்தியபின் 2,00,000 ரூபாயும் 5 சதவீத வட்டியில் கிடைக்கும். கருவிகள் வாங்க 15,000 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. ஆனால் அத்திட்டத்தில் அடங்கும் தொழில்கள் 18. தச்சர், படகு செய்வோர், கொல்லர், பூட்டுச் செய்வோர், பொற்கொல்லர், குயவர் எனச் செல்லும் அப்பட்டியலில் தகட்டு வேலைக்கு இடமில்லை. சுத்தியலும் கருவிகளும் செய்பவருக்கு இடமுண்டு. அச்சுத்தியலை வாழ்நாள் முழுதும் பிடித்தவருக்கு இல்லை. கொல்லர் என்று பதிந்துகொண்டால் என்ன என்று மருத்துவர் கேட்டார். எனக்கும் ஒரு கணம் அது நியாயமாகவே தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. உஸ்தாதே மறுத்துவிட்டார். “கொல்லன் நெருப்பில் அடிப்பவன். நான் குளிர்ந்த இரும்பில் அடிப்பவன். அவன் தொழிலை என் பெயரில் எழுதினால் இருவருக்கும் மரியாதையில்லை.”

ஆகவே முத்ரா திட்டத்தில் கிஷோர் என்னும் பிரிவே பொருத்தமாயிற்று. 50,000 ரூபாய்க்கு மேல் 5,00,000 ரூபாய் வரையிலான கடன்கள் அதில் அடங்கும். இதற்கும் அடமானம் வேண்டியதில்லை. வட்டி கூடுதல். ஆனால் திருப்பிச் செலுத்தும் வருவாய் இருக்கிறது என்று நான் எழுத்தில் காட்டியாக வேண்டுமே.

அப்போது உஸ்தாதின் தம்பி மகன் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். இருபத்து மூன்று வயது. சிறுவயதிலிருந்தே இங்கு வேலை கற்றவன். சில மாதங்களாக உணவு விநியோகம் செய்யும் வேலைக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன். “சாச்சா இதைக் காட்டமாட்டார்” என்று என் கையில் கொடுத்தான். பக்கத்திற்கு ஒரு மட்கார்டு. பென்சிலால் பக்கவாட்டுத் தோற்றம், அருகே வண்டியின் பெயர், தகட்டின் கேஜ், வாங்கிய முன்பணம், மீதி வந்த தேதி. ஆஸ்டின், மோரிஸ், ஃபோர்டு, பியூக், ஹட்சன். உருதுவில் எழுதிய எண்களைப் பையன் படிக்க, நான் ஒரு தாளில் கூட்டினேன். பல ஆண்டுக் கணக்கு! வராத பணம் என்று ஒரு பக்கம்கூட இல்லை. மாதக் கணக்கில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருந்த வருவாய், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வியப்பூட்டும் அளவுக்குச் சீராக இருந்தது. அந்த நோட்டின் பக்கங்களைப் பிரதியெடுத்துக் கோப்பில் இணைத்தேன். மாதத் தவணைக்குப் பதிலாகக் காலாண்டுத் தவணை வேண்டுமென்று குறிப்பெழுதினேன். சில கேள்விகளுக்குப் பிறகு கடன் அனுமதிக்கப்பட்டது.

இதற்கிடையில் மருத்துவருக்கு வேறொரு யோசனையை அவருடைய மகன் சொல்லிக்கொண்டிருந்தார்: ஃபைபர் கண்ணாடியில் வார்த்து எடுத்துவிட்டால் செலவும் குறையும், பத்து நாளில் வேலையும் முடியும், வண்ணம் பூசியபின் யாருக்குத் தெரியப்போகிறது? யோசனையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 2021ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளை மருத்துவர் படித்திருந்தார். முதல் பதிவுக்குப்பின் 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவில் பேணப்படும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை ‘வின்டேஜ்’ என்று தனியே பதியலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘விஏ’ என்னும் எழுத்துகள் வரும். அடிச்சட்டத்திலோ கூண்டிலோ இயந்திரத்திலோ பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்ப்புக்கும் எரிபொருள் நிரப்பவும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ கூடாது. “ஃபைபர் போட்டால் அதிகாரி என்ன சொல்வாரோ, அது ஒருபுறம் இருக்கட்டும்” என்றார் மருத்துவர். “நான் பிறந்த மருத்துவமனையிலிருந்து என்னை வீட்டுக்குக் கொண்டுவந்த கார் இது. அதில் பிளாஸ்டிக் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.” மகன் அதற்குமேல் பேசவில்லை.

வீலிங் மெஷின் தீபாவளிக்கு முன்பு வந்து சேர்ந்தது. சாமானியமான கருவிதான். ‘சி’ வடிவில் ஒரு கனத்த இரும்புச் சட்டம். மேலே தட்டையான பெரிய சக்கரம், கீழே சற்றே புடைத்த சிறிய சக்கரம். இரண்டுக்கும் இடையே தகட்டை முன்னும் பின்னுமாக ஓட்டினால், புடைப்பு அழுத்தும் கோட்டில் தகடு மயிரிழை அளவு விரியும். ஆயிரம் சுத்தியல் அடிகளின் வேலையை ஓசையின்றிச் செய்யும்; அடித்த தழும்புகளையும் தேய்த்து வழவழப்பாக்கும். அதற்கு மோட்டார் கிடையாது. கைதான் ஓட்ட வேண்டும். எத்தனை முறை, எவ்வளவு அழுத்தத்தில் என்பதும் கைக்குத்தான் தெரிய வேண்டும். சுருக்கும் வேலையை அது செய்யாது. அதற்குக் கருவேலத் துண்டே கதி.

மட்கார்டின் உச்சித் துண்டைப் பையனிடமே கொடுத்தார் உஸ்தாத். நான் கடனுக்குப் பிந்தைய ஆய்வுக்காகச் சென்ற நாள் அது. புதுக்கருவியின் உற்சாகத்தில் பையன் ஒரே இடத்தில் அதிகம் ஓட்டிவிட்டான். தகட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் ‘டொக்’ என்று உள்ளே போயிற்று. விட்டால் ‘டொக்’ என்று வெளியே வந்தது. எண்ணெய் டின்னின் அடிப்பக்கம் செய்யுமே, அதுபோல. விரிந்துவிட்ட இரும்பு தங்க இடமில்லாமல் தத்தளிக்கிறது என்று பொருள். இரண்டு வார உழைப்பு. பையனின் முகம் வெளுத்துவிட்டது. கடன் கொடுத்தவன் என்ற முறையில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உஸ்தாத் ஒன்றும் சொல்லவில்லை. கேஸ் தீயின் நுனியைக் கூர்மையாக்கி, புடைத்த இடத்தின் நடுவில் பழைய நாலணா அளவுக்கு ஒரு புள்ளியை மட்டும் செக்கச்செவேலெனக் காய்ச்சினார். அடியில் டாலி என்னும் கைப்பட்டடையைப் பிடித்துக்கொண்டு, புள்ளியின் விளிம்பைச் சுற்றி மென்மையாக நான்கைந்து தட்டு. உடனே ஈரத் துணியால் ஓர் ஒற்று. புஸ்ஸென ஆவி எழுந்தது. காய்ந்த இரும்பு விரிய முயலும். சுற்றிலும் குளிர்ந்த இரும்பு விடாது. எனவே அந்த இடத்தில் தடித்துக்கொள்ளும். ஆறும்போது சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டையும் தன்பால் இழுத்துக்கொள்ளும். விரல் அகல இடைவெளிகளில் இவ்வாறு ஏழு புள்ளிகள். எட்டாவதைப் பையனிடம் விட்டார். அதன்பின் விரலால் அழுத்திப் பார்த்தோம். தகடு அசையவில்லை.

மீதி வேலைகளில் எனக்கு மறக்க முடியாதது ஓரத்தில் கம்பி மடிக்கும் வேலை. மட்கார்டின் கீழ்விளிம்பில் உள்ளே ஒரு கம்பியை வைத்துத் தகட்டை அதன்மேல் சுருட்டியிருப்பார்கள். விளிம்புக்கு வலிமை தருவது அதுவே. மழைநீர் புகுந்து தங்கித் துருவை வளர்ப்பதும் அதுவே. பழைய இடப்பக்க மட்கார்டு மாண்டது அங்கிருந்துதான். கம்பியின் குறுக்களவைப்போல் இரண்டரை மடங்கு தகட்டை விளிம்பில் மிச்சம்விட வேண்டும் என்பது கணக்கு. 6 மில்லிமீட்டர் கம்பிக்கு 15 மில்லிமீட்டர். குறைந்தால் கம்பி வாய்பிளந்து தெரியும். கூடினால் சுருள் இரண்டாவது சுற்றுக்குப் போய் அசிங்கமாகும். கம்பி வைப்பதற்கு முன் மடிப்புக்குள் துருத்தடுப்பு வண்ணம் பூசச் சொன்னது பையன். முன்பு அப்படிச் செய்ததில்லையாம். உஸ்தாத் சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

இறுதியில் அரம். தகட்டின்மேல் தட்டையான அரத்தைச் சாய்வாக ஓட்டினால் மேடுகள் மட்டும் பளபளக்கும். பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். கறுத்த இடத்தை அடியிலிருந்து தட்டி எழுப்ப வேண்டும். டாலியின்மேல் நேராக விழும் அடி மணிபோல ஒலிக்கும். விலகி விழுந்த அடி மந்தமாக ஒலிக்கும். முதுமையில் அவருக்குக் கண் மங்கியிருக்கிறது, காது மங்கவில்லை. கையால் தடவிப் பார்க்கும்போது உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய பருத்தித் துணியை வைத்துக்கொள்கிறார். வெறும் கை தகட்டில் ஒட்டும், துணி வழுக்கும். வழுக்கும் கைக்குத்தான் மேடுபள்ளம் தெரியும். நீங்கள் வீட்டில் உங்கள் வாகனத்தின் கதவில் செய்து பார்க்கலாம்.

இவ்வளவும் எதற்கு, பட்டி பூசி மேவிவிடலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது அதுதான். தகட்டில் செய்யாததைப் பட்டியில் செய்கிறார்கள். மெல்லிய பூச்சாக இருந்தால் குற்றமில்லை. விரல் கனத்துக்குப் பூசினால் சாலை அதிர்வில் சில ஆண்டுகளில் வெடித்து, அதன் அடியில் நீர் நின்று துருப்பிடிக்கும். பழைய வாகனம் வாங்க எங்களிடம் கடன் கேட்டு வருபவர்களுக்கு, உஸ்தாதிடம் கற்ற ஒரு சோதனையை இப்போதெல்லாம் சொல்லி அனுப்புகிறேன். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டியின் உடலெங்கும் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் பற்றும் காந்தம், பட்டி தடித்த இடத்தில் வழுக்கி விழும். அந்த இடத்தில் முன்பு ஒரு மோதல் நடந்திருக்கலாம், விற்பவரிடம் கேளுங்கள். அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் காந்தம் ஒட்டாது என்பதையும் நினைவிற்கொள்க. பழைமை வாகனம் வைத்திருப்போர், தேய்மானம் கழித்த மதிப்பில் காப்பீடு எடுத்துவிட்டு இருந்துவிடாமல், ஒப்புக்கொண்ட மதிப்பின் அடிப்படையில் காப்பீடு பெற இயலுமா எனத் தம் காப்பீட்டு நிறுவனத்தை விசாரிப்பதும் நன்று.

பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மட்கார்டைப் பூட்டினார்கள். மருத்துவர் காலையிலேயே வந்து ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தார். வண்ணம் இன்னும் பூசவில்லை. சாம்பல்நிறத் தகடு, வெறும் எண்ணெய் தடவியது. மட்கார்டும் கூண்டும் சேரும் இடத்தில் பழைய முறைப்படி பீடிங் பட்டையை வைத்து ஆணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினான் பையன். கடைசித் துளை அரை விரல் விலகி நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உஸ்தாத் மட்கார்டின்மேல் தன் முழங்கையை ஊன்றி ஒரு முறை சாய்ந்தார். துளை பொருந்தியது. மர எலும்புக்கூட்டின் வளைவுகளை எடுத்து வலத்திலும் இடத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஓர் இடத்தில் தாள் நுழையும் அளவுக்கு ஒளி தெரிந்தது. “வலப்பக்கம்தான் தவறு, 1936இல் எங்கோ இடித்திருக்கிறார்கள்” என்றார் உஸ்தாத். மருத்துவர் அதை மறுக்கவில்லை. தம் தந்தை வண்டி ஓட்டியதைப் பற்றி அவருக்கும் சில ஐயங்கள் இருந்தனவாம்.

முதல் காலாண்டுத் தவணை உரிய நாளுக்கு நான்கு நாள் முன்பே வந்துவிட்டது. பணம் கட்ட வந்தவன் பையன். உணவு விநியோக வேலையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த நோட்டுப் புத்தகம் அவன் பையில் இருந்தது. புதிய பக்கத்தில் ஒரு செவ்ரோலே மட்கார்டின் பக்கவாட்டுக் கோடு, அவன் கைப்பட வரைந்தது. விளிம்பின் வளைவை மட்டும் யாரோ அழித்துவிட்டு மீண்டும் வரைந்திருந்தார்கள்.